போதைப்பொருள் வழக்குகளில் ‘ஆஜராக மாட்டோம்’ என்ற தீர்மானம்: எங்கள் மாவட்ட வழக்கறிஞர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த வெள்ளிக்கிழமை பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் என் மேசைமேல் இருக்கிறது. கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் கடத்தல் வழக்குகளில் கைதாகும் எவருக்காகவும் நம் உறுப்பினர்கள் ஆஜராகக் கூடாது, மீறினால் சங்கத்திலிருந்து நீக்கம் என்கிறது அது. கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை. ஆனால் எழுந்து பேசவும் இல்லை. போதைப்பொருளால் செத்துப்போன பிள்ளையின் படத்துக்கு அப்போதுதான் மாலை போட்டிருந்தோம். அந்த அறையில் வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே பேசியிருக்க வேண்டும், பேசாதது என் தவறு. திங்கட்கிழமை ஒரு கஞ்சா வழக்கில் ஜாமீன் மனு போட்ட இரண்டு ஜூனியர்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு, இனியும் பேசாமல் இருந்தால் நான் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பதில் அர்த்தமில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. தீபாவளிக்கு எங்கள் வாசலில் வந்து வெடி வெடித்தவன். அவன் உடலை எடுக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இவனுக்கு வித்தவனை மட்டும் விட்டுடாதீங்க” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் தீர்மானம் அவனுக்கு விற்றவனை எந்த வகையிலும் தொடவில்லை.

யாரைத் தொடுகிறது என்று பாருங்கள். பெரிய சரக்கு கைமாற்றுபவனுக்கு நம் ஊர் வக்கீல் தேவையில்லை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரில் சீனியர் வந்து இறங்குவார். அவரை நம் சங்கத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. நம்மை மட்டுமே நம்பியிருப்பவர் யார்? கூலிக்கு வண்டி ஓட்டியவன், அறையில் கூடத் தங்கியிருந்தவன், பை யாருடையது என்று தெரியாமல் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவன், 200 ரூபாய்க்குப் பொட்டலம் வாங்கிப் பழகிப்போன கல்லூரிப் பையன். தீர்மானத்தின் முழு எடையும் இவர்கள் தலைமேல்தான் இறங்கும்.

இந்த மடலை வழக்கறிஞர் அல்லாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கிச் சொல்கிறேன்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நாம் பேச்சுவழக்கில் என்.டி.பி.எஸ். என்கிறோம். இதில் தண்டனை, பிடிபட்ட அளவை வைத்து அமைகிறது. 2001-இல் வந்த திருத்தம் அப்படி மாற்றியது. கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல், குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். இரண்டுக்கும் நடுவில் உள்ளது 10 ஆண்டு வரை. ஹெராயின் என்றால் 250 கிராமுக்கு மேலேயே வணிக அளவு. மெத்தம்பெட்டமைனுக்கு அது 50 கிராம். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் சில வகைப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்து மீண்டும் சிக்கினால் மரண தண்டனை வரை போக இடமிருக்கிறது. வணிக அளவில் 10 ஆண்டு என்பது நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாத அடிமட்டம். முதல் குற்றமா, இளம் வயதா, குடும்பத்தில் ஒரே சம்பாத்தியமா, எதுவும் கணக்கில் வராது. தண்டனைக் கைதிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பையும் 32ஏ பிரிவு தடுக்கிறது.

அப்புறம் ஜாமீன். வணிக அளவு வழக்கில் 37-ஆம் பிரிவின்படி, இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்று இரண்டிலும் நீதிபதி திருப்தி அடைய வேண்டும். சாட்சி விசாரணையே தொடங்காதபோது ஒருவர் குற்றவாளி அல்ல என்று எதை வைத்துச் சொல்வது? சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். இங்கே அது 180 நாள். அரசு வழக்கறிஞர் தனியாக அறிக்கை கொடுத்துக் கேட்டால் நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டலாம்.

இதைவிடக் கனமானது 35-ஆம், 54-ஆம் பிரிவுகள். பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. கொலை வழக்கில்கூட இந்தச் சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் இல்லை.

இவ்வளவு கடுமையான சட்டத்தை எழுதியவர்களே, அதற்கு ஈடாகச் சில தடுப்புகளையும் வைத்தார்கள். தகவல் வந்தால் எழுதி வை, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பு என்கிறது 42. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று எடுத்துச் சொல் என்கிறது 50. கைப்பற்றியதைப் பட்டியலிட்டு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடு என்கிறது 52ஏ. முழு விவரத்தை 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குத் தெரிவி என்கிறது 57. தொந்தரவு கொடுக்கவே சோதனை போட்டுக் கைது செய்யும் அதிகாரிக்குத் தண்டனை தர 58-ஆம் பிரிவும் இருக்கிறது.

நண்பர்களே, இந்தத் தடுப்புகள் தாமாக வேலை செய்யாது. யாராவது எழுந்து, “ஐயா, அந்தத் தகவல் அறிக்கை எங்கே?” என்று கேட்க வேண்டும். கேட்கும் அந்த ஆளைத்தான் நம் தீர்மானம் நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்துகிறது.

என் வழக்குக் கட்டுகளிலிருந்து சில வழக்குகளைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடிதான் எழுதுகிறேன். எந்தக் காவல் நிலையம் என்பதும் வேண்டாம்.

முதல் வழக்கு ஒரு சரக்கு வேன் ஓட்டுநர். இருபத்து நான்கு வயது, அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஆந்திராவிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியில், தார்களுக்கு அடியில் மூன்று மூட்டைக் கஞ்சா. லோடு ஏற்றிவிட்டவர் செல்போனை அணைத்துவிட்டுப் போனவர்தான், இன்றுவரை பிடிபடவில்லை. மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் போலீசார் எழுதி வைக்கும் ஆவணத்தில், எடை 21 கிலோ 300 கிராம். அந்த 1 கிலோ 300 கிராம்தான் அவனுக்குப் பத்தாண்டுக் கதவு. குறுக்கு விசாரணையில் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்: சாக்கையும் உள்ளே சுற்றியிருந்த பாலித்தீனையும் கழித்து எடை போட்டீர்களா? இல்லை. சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதி. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. மூட்டையில் நுனி எவ்வளவு, தண்டு எவ்வளவு, வெறும் இலை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா? இல்லை. முன்கூட்டியே தகவல் வந்தது என்கிறீர்களே, மேலதிகாரிக்கு அது போனது எப்போது? ஐந்தாவது நாள். தாமதத்துக்குக் காரணம் எழுதினீர்களா? இல்லை. சாட்சியான கிராம நிர்வாக அலுவலர் கூண்டில் ஏறி, சாலையில் எதையும் பார்க்கவில்லை, நிலையத்துக்கு வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். எஸ்-1, எஸ்-2 என்று அந்த இடத்திலேயே எடுத்ததாகச் சொன்ன மாதிரிப் பொட்டலங்கள் நீதிமன்றம் வந்து சேர்ந்தது 41 நாள் கழித்து. அதுவரை எங்கே இருந்தன என்பதற்கு ஒரு பதிவேடும் இல்லை.

அவன் விடுதலையானான். 2 ஆண்டு 9 மாதம் உள்ளே இருந்த பிறகு. அதற்குள் அவன் அப்பா செத்துப்போனார். கொள்ளி வைக்க ஒருநாள் அனுமதி வாங்கிக் கூட்டி வந்தோம். கைவிலங்கைக் கழற்றிவிடுங்கள் என்று கூட வந்த ஏட்டய்யாவிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்தது. நல்ல மனிதர், கழற்றிவிட்டார்.

அந்தப் பையனுக்கு வக்கீல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகஜர் அப்படியே சாட்சியமாகும். 54-ஆம் பிரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்நேரம் அவன் பத்தாண்டுத் தண்டனையில் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான். ஓடிப்போன லோடுக்காரர் அப்போதும் ஓடிப்போனவராகவே இருந்திருப்பார்.

இரண்டாவது, ஒடிசாவிலிருந்து வந்து ஓட்டலில் பாத்திரம் கழுவிய ஒரு பையன். ஐந்து பேர் தங்கிய அறையில் 1 கிலோ 200 கிராம். மற்ற நான்கு பேர் வேலையில் இருந்தார்கள், இவன் காய்ச்சலில் படுத்திருந்தான். தமிழில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்து இருந்தது. அவனுக்குத் தமிழில் தெரிந்தது ‘சாம்பார்’, ‘தண்ணி’, ‘சீக்கிரம்’, அவ்வளவுதான். இது வணிக அளவு இல்லை என்பதால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை, ஜாமீன் கிடைத்தது. கிடைத்தும் ஐந்து மாதம் உள்ளேயே இருந்தான். உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்று உத்தரவு. இங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பிணை கொடுக்க முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே கிடப்பவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த உத்தரவை எடுத்துப்போய்க் காட்டிய பிறகுதான் சொந்தப் பிணையில் வெளியே வந்தான். எடுத்துப்போய்க் காட்டியது என் ஜூனியர். இப்போது நோட்டீஸ் வாங்கியிருக்கும் இருவரில் ஒருவர் அவர்தான்.

மூன்றாவது வழக்கில் நான் தோற்றேன். சொல்லப்போனால் தோற்றிருக்க வேண்டிய வழக்குதான். சோதனை ஒழுங்காக நடந்திருந்தது, நேரப்படி அறிக்கை போயிருந்தது, மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்திருந்தார்கள், சாட்சிகள் பிறழவில்லை. பத்தாண்டு தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்தத் தீர்ப்பு சரி என்றே இன்றும் நினைக்கிறேன், அவருக்காக ஆஜரானதற்கு வெட்கப்படவும் இல்லை. எல்லாக் கேள்வியையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் விடை வந்த பிறகு விழுந்த தண்டனை அது. அதனால்தான் மேலேயும் அசையவில்லை.

நான்காவதாக ஒரு கல்லூரி மாணவன், பையில் 40 கிராம். வீட்டில் அடித்தார்கள், கல்லூரியில் நீக்கப் பார்த்தார்கள். இந்தச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு, சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பிரிவு இருப்பதே அவன் பெற்றோருக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. மனு போட்டோம். இன்று அவன் வேலைக்குப் போகிறான். எங்கள் தெருப் பிள்ளை செத்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இவன் நினைவுதான் வந்தது. அவனும் ஒருநாள் 40 கிராமோடு பிடிபட்டிருந்தால், யாராவது 64ஏ என்று சொல்லியிருந்தால், இன்று உயிரோடு இருந்திருப்பானோ என்று. அப்படிப் பிடிபடும் அடுத்த பிள்ளைக்கு மனு போட நம் ஊரில் யாரும் இருக்கக் கூடாது என்றுதான் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

பொதுக்குழுவில் சிலர் சொன்ன வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

‘டெக்னிக்கல் பாயிண்ட் பேசி இவன்களை வெளியே விடுகிறோம்’ என்று ஒரு மூத்த உறுப்பினர் கோபத்தோடு சொன்னார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பேசுவது பழைய நிலைமை. ஏதோ ஒரு ஓட்டையைக் காட்டினால் விடுதலை என்ற காலம் போய்விட்டது. தகவல் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக இருந்தால் விடுதலை என்று 2018-இல் வந்த தீர்ப்பை 2020-இல் அரசியல் சாசன அமர்வே மாற்றிவிட்டது. கலப்படப் பொருளையும் சேர்த்துத்தான் எடை என்று அதே ஆண்டு ஹீரா சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். பையில் இருந்த பொருளுக்கு 50-ஆம் பிரிவு பொருந்தாது, உடல் சோதனைக்கு மட்டும்தான். 52ஏ-வைப் பின்பற்றவில்லை என்ற ஒரே காரணம் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றைக்கு ஒரு என்.டி.பி.எஸ். வழக்கில் விடுதலை வருகிறது என்றால், பொருள் உண்மையிலேயே இவரிடமிருந்துதான் எடுக்கப்பட்டதா, எடுத்ததும் சோதனைக்கூடத்துக்குப் போனதும் ஒன்றுதானா என்ற அடிப்படையிலேயே சந்தேகம் விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகுதான் அனுமானமே வரும் என்று 2008-இல் நூர் ஆகா வழக்கில் சொன்னதை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டியிருக்கிறோம்.

2023-இல் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கைப்பற்றிய 22 கிலோவில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டது என்று காவல் தரப்பு சொல்ல, குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். அதற்கு எதிர்த்தரப்பு வக்கீலைக் குறை சொல்ல முடியுமா? சரக்கைக் காப்பாற்றி வைத்திருந்தால் வழக்கு நின்றிருக்கும். போதைப்பொருள் விற்பவர் தண்டனை பெறவேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், நாம் எழுத வேண்டிய தீர்மானம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

‘சட்ட உதவி ஆணைக்குழு வக்கீல் போட்டுக்கொள்ளட்டும்’ என்றும் ஒருவர் சொன்னார். சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமைதான், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே போதும். ஆனால் அந்த ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருப்பவர்களும் நம் சங்க உறுப்பினர்கள்தானே? அவர்களையும் தீர்மானம் கட்டுப்படுத்துமா, இல்லையா? தீர்மானத்தில் அதற்கு விலக்கு எதுவும் எழுதவில்லை. நோட்டீஸ் வாங்கிய இன்னொரு ஜூனியர் அந்தப் பட்டியலில் இருந்துதான் போனவர்.

இன்னொன்றையும் நாம் யோசிக்கவில்லை. அரசியலமைப்பின் 22(1) பிரிவு, தான் விரும்பும் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையைக் கைதானவருக்குத் தருகிறது. மும்பைத் தாக்குதல் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், மாஜிஸ்திரேட் முன்னால் முதல்முறை நிறுத்தப்படும்போதே சட்ட உதவி உரிமை தொடங்குகிறது என்றும், வக்கீல் இல்லாமல் நடந்த விசாரணை நிற்காமல் போகலாம் என்றும் சொன்னது. நாம் யாரும் ஆஜராகாமல், விற்றவனுக்கே தண்டனை வாங்கிக் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். உயர் நீதிமன்றத்தில் அந்தத் தண்டனை எத்தனை நாள் நிற்கும்? அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

நம் தீர்மானம் சட்டப்படியும் செல்லாது. இது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே முடிந்த விஷயம். கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் தகராறு ஏற்பட்டு, அந்தப் போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 2010 டிசம்பர் 6 அன்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, நீதிபதி கியான் சுதா மிஸ்ரா அமர்வு, நாட்டில் எந்த வழக்கறிஞர் சங்கம் போட்டாலும் இப்படிப்பட்ட தீர்மானம் வெற்றுக் காகிதம், எந்த வழக்கறிஞரையும் அது கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. காந்தியைக் கொன்றவர்களுக்கும் இந்த நாட்டில் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கட்சிக்காரர் தகுந்த கட்டணத்தோடு வந்தால், தான் தொழில் செய்யும் நீதிமன்றத்தில் வழக்கை ஏற்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. மறுக்கக் குறிப்பிட்ட காரணம் இருந்தால் தனி மனிதராக மறுக்கலாம். எல்லோரும் சேர்ந்து மறுக்க இடமில்லை.

இதே சட்டத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்புகளில் சில நம் மாநிலத்து வழக்குகள். விசாரணை அதிகாரி 67-ஆம் பிரிவின் கீழ் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று 2020 அக்டோபர் 29 அன்று வந்த தீர்ப்பில் எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு. அதற்கு மூன்று நாள் முன்னால், குற்றப்பத்திரிகை உரிய காலத்தில் வராவிட்டால் கிடைக்கும் ஜாமீன் உரிமையைப் பின்னால் அவசரமாக மனு போட்டுப் பறிக்க முடியாது என்று சொன்ன தீர்ப்பும் சென்னையில் தொடங்கிய என்.டி.பி.எஸ். வழக்குதான். இந்த இரண்டிலும் முதல் வக்காலத்தைப் போட்டது யாரோ ஒரு விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர். அன்று அவர் சங்கம் நம்மைப் போல முடிவெடுத்திருந்தால் அந்தச் சட்டமே பிறந்திருக்காது.

2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். விசாரணை இழுத்துக்கொண்டே போனால், 37-ஆம் பிரிவு இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மனுவையும் ஒருவர் போட்டால்தான் உண்டு. ஜாமீன் கிடைக்கும் நேரம் பார்த்து 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில், அதுதான் குண்டர் சட்டத்தில், தடுப்புக் காவல் ஆணை வந்து விழுகிறதே, அதைப் படித்துப் பார்த்து எதிர்ப்பு மனு எழுதிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். எழுதத் தெரியாத அந்த அம்மாமார்கள் நம் நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் காத்திருப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்விட்டு, கடைசியில் என்னிடம் வந்து, “யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்றார். அவர் மகன் செய்தது தப்பா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். வக்காலத்தும் போட்டுவிட்டேன். இதையே என் விளக்கமாக எடுத்துக்கொண்டு எனக்கும் நோட்டீஸ் அனுப்பலாம்.

தலைவர் அவர்களே, நான் கேட்பது இவை.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டி, அந்தத் தீர்மானத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள். திருத்தம் வேண்டாம், விலக்குப் பட்டியல் வேண்டாம். திரும்பப் பெற்றதை மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

இரண்டு ஜூனியர்களுக்கும் அனுப்பிய நோட்டீசை இன்றே ரத்து செய்யுங்கள், எழுத்தில். ஒருவருக்குத் தொழிலில் இது மூன்றாவது ஆண்டு, இன்னொருவருக்கு முதலாவது. சங்கத்தின் பெயரால் அவர்களிடம் வருத்தம் தெரிவியுங்கள்.

இறந்துபோன பிள்ளையின் குடும்பத்துக்காக, நீதிமன்ற அனுமதியோடு அரசு வழக்கறிஞருக்கு உதவ நம் சங்கம் ஒரு மூத்த வழக்கறிஞரைக் கட்டணம் இல்லாமல் நியமிக்கட்டும். பாதிக்கப்பட்டவர் தரப்பு அப்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்ள சட்டத்தில் இடமிருக்கிறது. அழைத்தால் நானும் அந்தக் கட்டைப் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. நம் மாவட்டத்தில் ஒவ்வொரு போதைப்பொருள் வழக்கிலும் அந்தப் பதிவு குற்றப்பத்திரிகையோடு வர வேண்டும், நகல் எதிர்த்தரப்புக்குக் கிடைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுப்பதும் தடய அறிவியல் அறிக்கை வருவதும் தாமதமாகக் கூடாது என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் முதன்மை நீதிபதியிடமும் சங்கம் மனு கொடுக்கட்டும். ஒழுங்காகப் பதிவான சோதனை குற்றவாளியைத் தப்ப விடாது, அப்பாவியையும் சிக்க விடாது.

கடைசியாக, 64ஏ பிரிவைப் பற்றி மாவட்டத்தின் எல்லாக் கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் பேச, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு சேர்ந்து பத்து வழக்கறிஞர்கள் கொண்ட குழுவை இந்த மாதமே அமையுங்கள். என் பெயரை அதில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தொடங்கும் இடம் அந்தப் பிள்ளை படித்த பள்ளியாக இருக்கட்டும். தலைமையாசிரியரிடம் நான் பேசிவிட்டேன், அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
23 ஆண்டுகளாக இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர்